உஷார்! மழையில் நின்ற பழைய ஃபியட்டை ஆயுத பூஜைக்குக் கிளப்பப் போகிறீர்களா?

ஆயுத பூஜை நெருங்குகிறது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று தமிழர்கள் இருக்கும் மும்பைப் பேட்டைகளில் இப்போது ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஜூன் முதல் வாரத்தில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, மூலையில் நிறுத்திய பழைய ஃபியட்டையும் பத்மினியையும் அம்பாசடரையும் வெளியே எடுப்பார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். புது பேட்டரி வரும். சாமந்தி மாலை வரும். குழந்தைகள் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் சாவியைப் போட்டுத் திருப்புவார்.

அந்தச் சாவியைத் திருப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியைக் கியரில் போட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். கிளட்சைக் காலால் அமுக்கிக்கொண்டிருந்தாலும் அடிக்காதீர்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சென்ற வருடம் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய சொசைட்டி. மூன்று மாடி, நடுவில் சிமெண்ட் முற்றம். அங்கே குடியிருக்கும் மாமாவுக்கு எழுபத்தாறு வயது. அவருடைய அப்பா பணம் கட்டிப் பதிவு செய்து, வருடக் கணக்கில் காத்திருந்து வாங்கிய ஃபியட் அது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வண்டியை விற்க மாமாவுக்கு மனசு வரவில்லை. ஓட்டக் கால் ஒத்துழைக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜை அன்று அதன் சத்தத்தைக் கேட்டால் போதும் அவருக்கு.

அன்று பேட்டரி மாட்டினார்கள். கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டார்கள். நாலாவது முறை இஞ்சின் பிடித்துக்கொண்டது. முற்றமே கை தட்டியது. மாமாவின் கண் கலங்கிவிட்டது. இனி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஓரடி நகர்த்தி நசுக்க வேண்டும், அதுதானே முறை. இரண்டாம் மாடிச் சிறுமி, ஆறு வயதிருக்கும், பழத்தை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் குனிந்து டயருக்கு முன்னால் வைத்தாள்.

கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினால் விழவில்லை. கர்ர்ர் என்று பல் உரசும் சத்தம். உதவிக்கு வந்திருந்த மெக்கானிக் பையனுக்கு அது புதிதல்ல. "கிளட்ச் சிபக் கயா அங்கிள், ஒட்டிக்கிச்சு. மழையில நின்ன வண்டிக்கு ஆவுறதுதான். இஞ்சினை ஆஃப் பண்ணி, கியர் போட்டு, கிளட்சை மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சா ஒரே ஜெர்க்ல விட்டுரும்" என்றான்.

விடவில்லை. சூடாக இருந்த இஞ்சின் சாவியைத் திருப்பியதுமே பிடித்துக்கொண்டது. வாடிவாசல் திறந்த காளை மாதிரி வண்டி பாய்ந்தது. பையன் பிரேக்கை மிதித்தான். பெடல் தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை. முற்றத்தின் எதிர்ப்பக்கம் இருந்த பம்ப் ரூம் சுவரில் மோதித்தான் நின்றது. பழம் வைத்த குழந்தையை, சுண்டல் வாங்கிக்கொள்ள வா என்று அவளுடைய பாட்டி அப்போதுதான் கூப்பிட்டிருந்தார். அவள் அங்கிருந்து எழுந்து போய் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பிரேக் அடிச்சேன் அங்கிள், பிடிக்கலை" என்று அந்தப் பையன் கை நடுங்கத் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அவனை நான் குறை சொல்லமாட்டேன். தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒட்டிய கிளட்சுக்கு உலகம் முழுவதும் செய்கிற வைத்தியம்தான் அது. பல தடவை பலிக்கவும் செய்கிறது. ஆனால் கிளட்சை ஒட்ட வைத்த அதே ஈரம், அதே நாலு மாதம், பிரேக்கையும் சும்மா விட்டிருக்காது. கியரில் போட்டு செல்ஃப் அடிக்கும் வைத்தியமோ முழுக்க முழுக்கப் பிரேக்கை நம்பியது. கிளட்ச் விடாமல் இஞ்சின் பிடித்துக்கொண்டால் கால் முதலில் தேடுவது பிரேக்கைத்தான். கிளட்ச் ஒட்டிய வண்டி என்று தெரிந்த அந்த நிமிடமே அதன் பிரேக்கும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதித்து, இல்லை என்று தெரியும்வரை அப்படித்தான்.

கிளட்ச் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தால் இதன் தீவிரம் புரியும். இஞ்சினின் பின்முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் இருக்கிறது. அதன் முகத்தில் பதிந்து நிற்பது கிளட்ச் பிளேட். அதைப் பின்னாலிருந்து ஸ்பிரிங் பலத்தால் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் பின்வாங்கும். நடுவில் மாட்டிக்கொண்டிருந்த பிளேட் தளர்ந்து தனியாகும். இஞ்சின் சுற்றும், கியர்பாக்ஸ் சுற்றாது. இந்தத் தளர்வு எவ்வளவு என்கிறீர்கள்? ஒன்றிரண்டு தபால் கார்டின் தடிமன், அவ்வளவுதான்.

இப்போது வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காட்டாத இரும்பு தோசைக்கல்லின் மேல் ஓர் ஈரத்துணியை விரித்து, அதன் மேல் அம்மிக் குழவியை ஏற்றி, நாலு மாதம் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? துணியைக் கிழிக்காமல் எடுக்க முடியுமா? கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் லைனிங் ஈரத்தை உறிஞ்சும். இரும்பு துருப்பிடிக்கும். துரு வளர்ந்து லைனிங்கின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கும். ஸ்பிரிங் அழுத்தம் ஒரு நொடிகூட விலகாமல் மேலே நிற்கும். இது போதாதென்று, கிளட்ச் பிளேட்டின் நடுப் பற்களும் கியர்பாக்ஸ் தண்டும் சேரும் இடத்திலும் துரு ஏறினால், பிளேட் விலக நினைத்தாலும் தண்டின்மேல் நகராது.

மும்பையில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானதை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் அரைமணி நேர மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். தாராவி மித்தி ஆற்றங்கரையின் தாழ்வான பூமி. செம்பூருக்குக் கூப்பிடு தூரத்தில் மாஹுல் கழிமுகம். எங்கே நிறுத்தினாலும் வண்டி உப்பையும் ஈரத்தையும்தான் சுவாசிக்கிறது. மழை படக்கூடாது என்று நாம் இறுகக் கட்டும் நீலத் தார்ப்பாய் தரையிலிருந்து எழும் ஆவியை உள்ளேயே பிடித்து வைக்கிறது. காலையில் ஒருநாள் அதைத் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்துச் சொட்டும்.

இதே ஊரில் இதே மழையில் ஆயிரக்கணக்கான பத்மினி டாக்சிகள் ஓடவில்லையா என்று கேட்பீர்கள். ஓடின. ஓடியதால்தான் அவற்றுக்கு இந்த வியாதி வரவில்லை. ஓடுகிற வண்டிக்கு கிளட்ச் தேயும்; நிற்கிற வண்டிக்கு ஒட்டும். வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இங்கே குர்லாவில்தான் ஃபியட் 1100-ஐச் செய்தது. அதுவே எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாறி, கறுப்பு-மஞ்சள் பூசிக்கொண்டு இந்த நகரத்தின் அடையாளமாகவே ஆனது. கடைசி பத்மினி டாக்சி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்சிக்கு 20 வருட வயது வரம்பு என்பதால் 2023 அக்டோபர் 30 முதல் அந்த இனமே தெருவில் இல்லை.

எனக்கு வருத்தம் தருவது வண்டி போனது மட்டுமல்ல. அந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிய மிஸ்திரிகளின் தலைமுறையும் கூடவே ஒதுங்கிவிட்டது. இன்று கேரேஜில் நிற்கும் பையன் நேற்று வந்த வண்டிகளில் கை பழகியவன். நம்முடைய ஃபியட் அவனுக்கு வருடத்துக்கு ஒருநாள் கிடைக்கும் விளையாட்டுச் சாமான். மிச்சமிருக்கும் பத்மினிகளோ பெரும்பாலும் சொந்த வண்டிகள். அதாவது நிற்கிற வண்டிகள். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு 'வி.ஏ.' வரிசையில் தனி நம்பர் கொண்டுவந்த பிறகு, மூலையில் கிடந்ததையெல்லாம் எழுப்பிப் பார்க்கும் ஆசையும் கூடியிருக்கிறது. ஆசை தவறில்லை. எழுப்பும் விதத்தில்தான் உயிர் இருக்கிறது.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நியூட்ரலில் இஞ்சின் எந்தத் தகராறும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகும். கிளட்ச் ஒட்டியிருப்பதே தெரியாது, ஏனென்றால் நியூட்ரலில் கிளட்சுக்கு வேலையே இல்லை. பெடலும் வழக்கமான கனத்தோடுதான் இருக்கும். இஞ்சின் சத்தம் கேட்டதும் கூட்டம் சந்தோஷத்தில் நெருங்கி வரும். வண்டிக்கு மிக அருகில் மிக அதிகம் பேர் நிற்கும் நேரமும், கியர் விழவில்லையே என்று ஓட்டுபவர் எரிச்சலில் குறுக்கு வழி தேடும் நேரமும் ஒன்றாக வந்து சேரும். இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் கிளட்சை மிதிக்காமல் செல்ஃப் எடுக்காது. இந்தப் பழைய வண்டிகளில் அந்தக் காவல் கிடையாது. கியரில் இருந்தாலும் செல்ஃப் மோட்டார் சுற்றும். சுற்றிய வேகத்தில் வண்டியையே தள்ளும்.

பிரேக்குக்கு என்ன ஆகியிருக்கும்? பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. அந்த ஈரம், சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டருக்குள் போய்த் துருவாகிறது. பிஸ்டன் இறுகுகிறது, அல்லது ரப்பர் வாஷர் கிழிந்து கசிகிறது. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே குழாய் வழி. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போச்சு. மாமாவின் ஃபியட்டைப் பிறகு தூக்கிப் பார்த்தபோது பின்பக்க வலது பிரேக் டிரம்முக்குள் முழுக்க ஆயில். ஒரு மழைக்காலமாகத் துளித்துளியாக வடிந்திருக்கிறது. வெளியே தரையில் சொட்டியிருந்தாலாவது தெரிந்திருக்கும்.

ஆகவே இஞ்சினைத் தொடும் முன் பெடலைத் தொடுங்கள். பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடம் பிடித்தால் கல் மாதிரி நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ, பஞ்சு மாதிரி அமுங்கினாலோ அன்றைக்கு அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேச்சே வேண்டாம். மாலையைப் போடுங்கள், கற்பூரம் காட்டுங்கள், போதும். பெடல் கல் மாதிரி நின்றால்கூட நாலு டிரம்மையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் நம்பலாம்.

மாமாவின் வண்டியைக் கடைசியில் பார்த்துச் சரிசெய்தவர் தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் இருக்கும் ஒரு திருநெல்வேலிக்கார அண்ணாச்சி. டாக்சிகளின் காலத்தில் பத்மினி வேலை மட்டுமே பார்த்தவர், இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டார். மாமா சார்பில் நான்தான் போய்க் கூப்பிட்டேன். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேட்ட கேள்வி: "வண்டி எத்தன மழ பாத்திருக்கு தம்பி?"

"நகராம மூணு மழை அண்ணாச்சி. பூஜைக்குச் சத்தம் கேக்குறதோட சரி."

"ஒரு மழைன்னா பெடலுக்குக் கட்டை முட்டுக் குடுத்தாலே விட்டுரும். மூணுன்னா சொல்ல முடியாது. கியர்பாக்ஸ எறக்க வேண்டி வந்தாலும் வரும். மொதல்ல சாவிய என் கையில குடு."

சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடியும்வரை அது அங்கேதான் இருந்தது. அந்த ஒரு காரியத்தைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம், செலவில்லை. சமதளமான இடம், சாவி வெளியே. ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் வைத்து வண்டியைத் தள்ளச் சொன்னார். நகர்ந்தது. நகராவிட்டால் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அது வேறு வியாதி, அதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து டாப் கியரில் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு தள்ளச் சொன்னார். கிளட்ச் நல்லபடி இருந்தால் வண்டி நியூட்ரலில் போன மாதிரியே போக வேண்டும். இது முரண்டு பிடித்தது. பலமாகத் தள்ளியபோது முன்னால் ரேடியேட்டர் ஃபேன் கால் சுற்று திரும்பியது. "பாத்தியா? சக்கரத்தோட சேந்து இஞ்சினும் சுத்துது. ஒட்டிருக்கு."

பிறகு கீழே படுத்து, பெடலை மிதிக்கும்போது, பிரஷர் பிளேட்டை விலக்கும் கிளட்ச் ஃபோர்க் நகர்கிறதா என்று பார்த்தார். நகர்ந்தது. இதையும் பார்க்காமல் விடாதீர்கள். கிளட்சுக்கு ஆயில் சிலிண்டர் இருக்கும் வண்டி என்றால் அந்தச் சிலிண்டரே துருப்பிடித்திருக்கலாம்; கேபிள் வண்டி என்றால் கேபிள் இறுகியிருக்கலாம். பெடல் வலுவில்லாமல் பொத்தென்று விழுந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பிளேட் ஒட்டவே இல்லாமல், வெறும் ரப்பர் வாஷர் போனதற்காகக் கியர்பாக்ஸை இறக்கிப் பணம் பிடுங்கிய கதைகளும் இந்த ஊரில் உண்டு.

மூன்று நாளில் நாலு வீல் சிலிண்டரும் மாற்றி, பிரேக் ஆயில் முழுக்கப் புதிதாக விட்டார். கிளட்ச் வேலைக்கு வந்தவர் ஏன் பிரேக்கைப் பார்க்கிறார் என்று மாமாவுக்கு முதலில் பிடிபடவில்லை. அண்ணாச்சி பம்ப் ரூம் சுவரைக் கையால் காட்டினார். அதற்குமேல் கேள்வி வரவில்லை.

அதன் பிறகுதான் கட்டை. கிளட்ச் பெடலைத் தரைவரை அமுக்கி, பெடலுக்கும் சீட்டின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் அளவாக வெட்டிய மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். ஸ்டியரிங்கில் 'தொடாதே' என்று ஒரு அட்டை, நாலு சக்கரத்துக்கும் செங்கல். ஸ்பிரிங் அழுத்தம் விலகியதும் பிளேட்டைப் பிடித்திருப்பது துரு மட்டும்தான். ஈரம் காயக் காயத் துருவின் பிடி தளரும். சில சமயம் நடுராத்திரியில் 'டக்' என்று தானே விட்டுவிடும் என்றார். பஞ்சாபிலும் இங்கிலாந்திலும் விவசாயிகள் இதைத்தான் வேறு விதமாகச் செய்கிறார்கள். பல டிராக்டர்களில் பெடலை அமுக்கியபடியே மாட்டி வைக்க ஒரு கொக்கியே உண்டு, வேலையில்லாத மாதங்களில் பிளேட் ஒட்டாமலிருக்க.

மாமாவின் வண்டி அந்த ராத்திரி விடவில்லை. மறுநாள் நியூட்ரலில், திறந்த முற்றத்தில், சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து இருபது நிமிடம் இஞ்சினை ஓடவிட்டார். சூட்டில் இரும்பும் லைனிங்கும் வேறு வேறு அளவில் விரியும், ஈரமும் உலரும். மூடிய கராஜில் இதைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும். பிறகு இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, டாப் கியரில் போட்டு, பெடலைக் கட்டையால் அமுக்கி, செங்கலை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு இரண்டு பேர் கதவுத் தூணைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். ஒருவரும் வண்டிக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ நிற்கவில்லை. ஏன் டாப் கியர் என்று கேட்டேன். முதல் கியரில் தள்ளினால் தள்ளும் பலம் கிளட்ச் வரை போய்ச் சேராது, டாப்பில்தான் முழுசாகப் போகும் என்றார். இருபது முப்பது தடவை ஆட்டினோம். வேர்த்து வழிந்தது. விடவில்லை.

"போதும். இதுக்கு மேல அடிச்சா பிளேட்டு கிழியும். எறக்கிருவோம்" என்றார். இந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்தான் மெக்கானிக். இதற்கு மேல்தான் விபரீதங்கள் ஆரம்பிக்கின்றன, உஷார்!

பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இஞ்சினைக் கியரில் உறும விட்டு, திடீரென்று பிரேக் அடிக்கச் சொல்வார்கள். அந்த உதறலில் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவினால், சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் வண்டி பறக்கும். டெம்போவில் கயிறு கட்டிக் கியரில் போட்டு இழுக்கச் சொல்வார்கள். கயிறு அறுந்தால் சாட்டை. அறாமல் கிளட்ச் விடாவிட்டால் இரண்டு வண்டியும் ஒன்றின்மேல் ஒன்று. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டின் ஓட்டை வழியாகப் பெட்ரோலோ துரு எடுக்கும் ஸ்ப்ரேயோ அடிக்கச் சொல்வார்கள். பெட்ரோல் ஆவி நிறைந்த அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில்தான் செல்ஃப் மோட்டார் பொறி தெறிக்கிறது. தீ பிடிக்காமல் தப்பித்தாலும், எண்ணெய் குடித்த லைனிங் பிறகு பிடிமானமே இல்லாமல் வழுக்கும். சுத்தியலால் பெல் ஹவுசிங்கில் தட்டுவதும் வேண்டாம், அலுமினிய வார்ப்பு விரிசல் விட்டுவிடும்.

எல்லாவற்றையும் மீறி எப்போதாவது வண்டி உங்கள் கையில் பாய்ந்துவிட்டால், கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். சாவியை அணையுங்கள். ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டி என்றால் சாவியை ஒரே ஒரு படி மட்டும் திருப்புங்கள்; முழுக்கத் திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கூடவே ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். வண்டி கியரிலேயே இருக்கட்டும், அணைந்த இஞ்சின்தான் அப்போது உங்களுக்குப் பிரேக்.

கியர்பாக்ஸ் இறங்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பிரஷர் பிளேட்டைக் கழற்றிய பிறகும் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் சுவரில் ஒட்டிய வரட்டி மாதிரி நின்றது. அண்ணாச்சி ஓர் உளியை ஓரத்தில் நுழைத்து மெல்ல நெம்பினார். 'சரக்' என்று வந்தது. ஃப்ளைவீலின் முகத்தில் பிளேட்டின் வட்டம் அப்படியே செம்பழுப்பில் பதிந்திருந்தது. லைனிங்கின் ஒரு துண்டு, கட்டைவிரல் அகலம், பிய்ந்து இரும்போடு போய்விட்டது. சென்ற வருடம் அந்தப் பையனின் ஜெர்க்கில் கிளட்ச் விட்டிருந்தால் விட்டிருக்கும் லட்சணம் இதுதான்: லைனிங் கிழிந்து, துண்டு உள்ளேயே சுற்றி, ரோட்டில் வேறெங்காவது காலை வாரியிருக்கும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. பழைய கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கும். புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திய பொருள் அது. பெல் ஹவுசிங்குக்குள் படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுக் குழாய் வைத்து ஊதித் தள்ளுவதுதான் எல்லா கேரேஜிலும் பழக்கம். பக்கத்தில் டீ கொண்டுவந்த பையன் நிற்பான், வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார். ஊதவிடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். அண்ணாச்சிக்கு இருமல் ஓய்வதில்லை. காரணம் எனக்குத் தெரியாது, ஆனால் அவர் நாற்பது வருடம் ஊதியவர்.

பிரித்ததோடு பிளேட் புதிதாகப் போட்டார். பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்தார். ஃப்ளைவீலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தண்டின் பற்களில் கிரீஸை விரல் நுனியால் பூசியும் பூசாமலும் தடவினார். அதிகம் தடவினால் அது தெறித்து லைனிங்கில் ஏறும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். நிற்கிற வண்டிதானே என்று பாலிசியை விட்டுவிடுகிறோம். பொது இடத்தில் வண்டியை எடுக்க மூன்றாம் நபர் காப்பீடு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். பூஜைக்காக வாசலுக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்து, அது ஒருவர் மேல் ஏறிவிட்டால், நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் தலையில்.

அடுத்த மழைக்கு வண்டியை நிறுத்துபவர்களுக்கு: தார்ப்பாயை இறுகக் கட்டாமல் பக்கவாட்டில் காற்றுப் போக விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் செங்கல் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியை எடுத்து, கிளட்சும் பிரேக்கும் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வாருங்கள். வெறுமனே நியூட்ரலில் உறும விட்டால் பேட்டரிக்கு நல்லது, கிளட்சுக்குப் பிரயோஜனமில்லை. ஓட்ட ஆளில்லை என்றால் இஞ்சின் அணைந்திருக்கும்போதே பெடலை நாலு நாளுக்கு ஒருமுறை இருபது தடவை மிதித்து விடுங்கள். அதை எழுபத்தாறு வயதிலும் செய்யலாம்.

மாமா செய்கிறார். போன வாரம் போனில் கூப்பிட்டார். "காலம்பற பெடல் மிதிச்சேன்டா. டாப் கியர்ல போட்டுத் தள்ளிப் பார்த்தோம், ஃபேன் சுத்தலை. ஆனா பிரேக் கொஞ்சம் கீழ எறங்கறாப்ல இருக்கு. அண்ணாச்சி வந்து பார்க்கட்டும். அவர் பார்க்கலேன்னா இந்த வருஷம் ஸ்டார்ட் பண்றதா இல்லை. எலுமிச்சம்பழத்தை பானெட் மேல வெச்சுடலாம்னு அந்தக் குழந்தைகிட்டயும் சொல்லிட்டேன்."